உறைந்த கடலில் வழி திறந்த கப்பல்



கடலோடிகளின் வீடுகளில் கப்பல் இன்று எந்தத் துறைமுகத்தில் இருக்கிறது என்று கேட்பார்கள். அங்கே சாப்பாடு எப்படி, குளிர் எப்படி என்றும் கேட்பார்கள். அந்தத் துறைமுகத்துக்குள் கப்பல் எப்படி நுழைந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரி மாதம் ஃபின்லாந்தின் கெமி துறைமுகத்துக்குள் நாங்கள் நுழைந்த கதையை எப்போதோ சொல்லியிருப்போம். இப்போது இருவரும் சேர்ந்து எழுதுகிறோம்.

நாங்கள் மச்சானும் மச்சினனும். மூத்தவர் இன்ஜின் அறையில் மூன்றாம் பொறியாளர். இளையவர் பிரிட்ஜில் இரண்டாம் அலுவலர். மூத்தவரின் துணைவியார் இளையவருக்கு உடன்பிறந்த ராத்தா. ஒரே நிறுவனத்தின் ஒரே கப்பலில் வேலை அமைந்ததை வீட்டார் பெரும் பாக்கியமாகக் கருதினார்கள். ‘ஒருத்தருக்கொருத்தர் துணை’ என்று வாப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பயணம் தொடங்கியபோதே வாப்பாவின் உடல்நிலை சரியில்லை. நாங்கள் பால்டிக் கடலுக்குள் நுழைந்த வாரத்தில் மருத்துவமனையில் சேர்த்துவிட்டதாகச் செய்தி வந்தது. மூத்தவரின் ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்ததால், கெமியில் அவருக்கு மாற்று ஆள் வருவதாக ஏற்பாடாயிற்று. கப்பல் கரை சேர்ந்தால் அவர் விமானம் ஏறிவிடலாம். இளையவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே அந்த நாள்களில் எங்கள் இருவரின் மனமும் கெமியின் படித்துறையிலேயே இருந்தது.

கெமி, போத்னியா வளைகுடாவின் வடகோடியில் இருக்கிறது. ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றே தெற்கு. அந்த வளைகுடாவின் நீரை நாம் அறிந்த கடல் நீர் என்றே சொல்ல முடியாது. பெருங்கடலின் ஒரு கிலோ நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும்; அங்கே 3 கிராம் அளவில்தான் இருக்கிறது. எத்தனையோ ஆறுகள் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. உப்புக் குறைந்த, ஆழம் குறைந்த அந்தக் கடல் ஆண்டுதோறும் உறைந்துவிடும். தீவுகளுக்கு இடையே பனிக்கட்டி தரையைப் போல் அசையாமல் நிற்கும். திறந்த பகுதியில் அது பாளம் பாளமாகக் காற்றோடு நகரும்.

அப்படியிருந்தும் 1970களின் தொடக்கத்திலிருந்து அந்த வடகோடித் துறைமுகங்கள் குளிர்காலத்திலும் திறந்தே இருக்கின்றன. ஃபின்லாந்தின் வெளிநாட்டு வணிகத்தில் மிகப் பெரும்பகுதி கடல்வழியே நடக்கிறது; கடுங்குளிர் ஆண்டுகளில் அந்நாட்டின் எல்லாத் துறைமுகங்களும் உறையக்கூடும். அதனால் 1890இல் ‘முர்தாயா’ என்னும் முதல் பனியுடைப்புக் கப்பலை வாங்கியது முதல் இன்றுவரை அந்நாடு இதை ஒரு பொதுப்பணியாகவே நடத்துகிறது. மாலுமிகள் ஐஸ்பிரேக்கர் என்று அழைக்கும் இந்தக் கப்பல்களில் ‘ஓட்சோ’, ‘கோந்தியோ’ என்ற இரண்டு உண்டு. இரண்டு பெயருக்கும் கரடி என்றே பொருள். 2016இல் வந்த ‘போலாரிஸ்’ இயற்கை எரிவாயுவிலும் ஓடக்கூடியது. அக்கரையில் ஸ்வீடனுக்கும் இத்தகைய கப்பல்கள் உண்டு. இரு நாட்டுக் கப்பல்களும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டு உழைக்கின்றன.

உதவி கேட்கும் எல்லாக் கப்பலுக்கும் உதவி கிடைத்துவிடாது. பனியைத் தாங்கும் வலிமையைக் கொண்டு கப்பல்களை 1ஏ சூப்பர், 1ஏ, 1பி, 1சி என்று வகுத்திருக்கிறார்கள். பனி கனக்கக் கனக்க, ஒவ்வொரு துறைமுகத்துக்கும் இன்ன வகுப்புக்கும் இன்ன எடைக்கும் குறைந்த கப்பலுக்கு உதவியில்லை என்று அறிவிப்பு வரும். எங்கள் கப்பல் 1ஏ. உடைந்த பனி ஒரு மீட்டர் கனத்துக்கு நிறைந்த கால்வாயில் மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் செல்லும் திறன் அதற்கு வேண்டும் என்பது விதி. மரக்கூழ் ஆலைகளுக்கான காஸ்டிக் சோடாக் கரைசலை ஏற்றியிருந்தோம். ஐம்பது சதவீதக் கரைசல் 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தாலே உறையத் தொடங்கும். வெளியே மைனஸ் 24 டிகிரி. ஆகவே தொட்டிகளை இரவும் பகலும் சூடாக்கிக்கொண்டே சென்றோம்.

தகுதியுள்ள கப்பலுக்கு அந்த உதவிக்கென்று தனிக் கட்டணம் கிடையாது. துறைமுகம் வரும் கப்பல்கள் செலுத்தும் வழித்தடக் கட்டணத்திலேயே அது அடங்கிவிடுகிறது. யார் பெரிய நிறுவனம், யார் சிறிய நிறுவனம் என்று பார்ப்பதும் இல்லை. இதை அன்று நாங்கள் முழுமையாக உணர்ந்திருக்கவில்லை.

ஃபின்லாந்தும் ஸ்வீடனும் நெருங்கி நிற்கும் குவார்க்கன் நீரிணையைக் கடந்ததும், நாங்கள் செல்ல வேண்டிய வழிப்புள்ளிகள் வந்துசேர்ந்தன. கடைசிப் புள்ளியில் நின்று காத்திருக்கும்படி உத்தரவு. நான்கு கப்பல்கள் ஏற்கெனவே காத்திருந்தன. வெள்ளைப் பாலையில் விளக்கேற்றிய வீடுகளைப் போல் அவை தூரத்தில் நின்றன. அலை இல்லை, ஆட்டம் இல்லை. மேசைமேல் வைத்த தேநீர் ததும்பவில்லை. இத்தனை ஆண்டுக் கடல் வாழ்வில் அப்படியொரு அசைவின்மையை நாங்கள் அறிந்ததில்லை.

காத்திருந்த முதல் நாள் தொழுகை நேரத்தைக் கணக்கிட்டபோது வியப்பாக இருந்தது. சூரியன் காலை 9 மணிக்கு எழுந்து, மாலை 4 மணிக்குள் மறைந்தது. நண்பகலிலும் அடிவானத்திலிருந்து எட்டு டிகிரி உயரத்துக்கு மேல் ஏறவில்லை. உச்சிப் பொழுதின் நிழலே ஆளின் உயரத்தைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு நீண்டு கிடந்தது. லுஹருக்கும் அஸருக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் இருந்தது. பயணிகளுக்குரிய சலுகைப்படி சுருக்கியும் சேர்த்தும் தொழுதோம். கிப்லா ஏறத்தாழ 160 டிகிரி, தெற்குத் தென்கிழக்கு. கப்பலின் முகம் வடக்கே இருந்ததால், போக வேண்டிய துறைமுகத்துக்கு முதுகைக் காட்டி நின்றுதான் தொழ வேண்டியிருந்தது. வாப்பா படுத்திருந்த ஊரும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான்.

அன்று இரவு எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு சரக்குக் கப்பலைப் பனியுடைப்புக் கப்பல் முதலில் அழைத்துச் சென்றது. உணவு அறையில் இது பெரும் பேச்சாயிற்று. ‘வரிசை என்று ஒன்று இல்லையா?’ என்று எல்லோரும் கேட்டார்கள். எங்கள் இருவருக்கும் மற்றவர்களைவிட அதிகமாகவே மனம் கசந்தது. மறுநாள் காலை இளையவர் தயங்கித் தயங்கித் தலைமை மாலுமியிடம் சென்று வாப்பாவின் நிலையைச் சொன்னார். நாமே கொஞ்சம் முயன்று பார்க்கலாகாதா என்றும் கேட்டார். போலந்து நாட்டவரான அந்த மனிதர் நெடுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் வானொலியில் பேசினார். ‘முயல்வது உங்கள் பொறுப்பு. நின்றிருப்பதே நல்லது’ என்று பதில் வந்தது. அவர் எங்களுக்காக முயன்றார்.

நான்கு மைல் சென்றோம். அதன்பின் காற்று பனிப்பாளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக் குவித்திருந்த ஒரு மேட்டில் கப்பலின் அணியம் செருகிக்கொண்டது. பின்னோக்கி இழுத்தோம். பனிக்குள் பின்னோக்கும்போது சுக்கான் நேராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாளம் அதை முறித்துவிடும். மூன்று முறை இழுத்தும் கப்பல் அசையவில்லை. பிற்பகலில் தென்மேற்குக் காற்று வலுத்தது. அந்த வளைகுடாவில் தென்மேற்குக் காற்று பனி முழுவதையும் கெமியின் பக்கமாகத் தள்ளி நெருக்கும். நாங்கள் வந்த வழியும் பின்னால் மூடிக்கொண்டது. கப்பலின் பக்கங்களில் பனி உரசிய ஓசை இன்ஜின் அறைவரை கேட்டது.

முந்தைய இரவு அந்தச் சரக்குக் கப்பலை ஏன் முதலில் அழைத்துச் சென்றார்கள் என்பதும் அப்போதுதான் விளங்கியது. அது நின்ற இடத்தில் இதே நெருக்கம் ஒரு நாள் முன்பே தொடங்கிவிட்டிருந்தது. பனியுடைப்புக் கப்பலில் இருந்தவர்கள் வந்த நேரத்தைப் பார்த்து வரிசை வைக்கவில்லை. யாருக்கு முதலில் ஆபத்து என்று பார்த்தே வரிசை வைத்தார்கள். இப்போது எங்கள் அவசரத்தால் நாங்களே ஆபத்தில் இருந்தோம். முறைப்படி நின்ற இடத்தில் நின்றிருந்த மற்றக் கப்பல்களை விட்டுவிட்டு அவர்கள் எங்களிடம் வந்தார்கள். அவர்களது நேரத்தில் ஒரு பகுதியை எங்கள் அவசரம் தின்றுவிட்டது. வானொலியில் ஒரு சொல்கூடக் குறையாக வரவில்லை. குறை சொல்லியிருந்தால் எங்களுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

பனியுடைப்புக் கப்பல் வேலை செய்வதை அருகிலிருந்து பார்ப்பது பெரும் காட்சி. அது பனியைக் கத்திபோல் வெட்டுவதில்லை. சரிவான அணியத்தால் பனியின்மேல் ஏறித் தன் எடையால் அமுக்கி உடைக்கிறது. எங்கள் பக்கவாட்டில் சில பத்து மீட்டர் இடைவெளியில் உரசுவதுபோல் ஓடி, எங்களை நெருக்கிய பனியின் இறுக்கத்தைத் தளர்த்தியது. கப்பல் உடம்பு ஒருமுறை நடுங்கியது, பிறகு நகர்ந்தது.

கால்வாயில் பின்தொடர்வதற்கென்று தனி மொழி உண்டு. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பொருள். ‘ஜி’ என்றால் நான் முன்னே செல்கிறேன், பின்தொடர்க. ‘பி’ என்றால் வேகத்தைக் குறைக்கவும். ‘கியூ’ என்றால் இடைவெளியைக் குறைக்கவும். ‘4’ என்றால் நில், நான் பனியில் சிக்கிவிட்டேன். இவற்றையெல்லாம்விட முக்கியமானவை அதன் சுழலும் சிவப்பு விளக்குகள். முன்னே செல்லும் கப்பல் நின்றுவிட்டால் உடனே அவை எரியும். பின்னே வருபவர் அக்கணமே நிறுத்தியாக வேண்டும். குறுகிய கால்வாயில் விலகிச் செல்ல இடமில்லை. வழிகாட்டி நின்றதை அறியாதவன் அதன்மேலேயே மோதுவான்.

காற்று மேலும் வலுத்ததால், கால்வாய் திறந்த சிறிது நேரத்திலேயே மூடிக்கொண்டது. பின்தொடர்வது இயலாமற்போக, இழுத்துச் செல்ல முடிவு செய்தார்கள். பனியுடைப்புக் கப்பலின் அமரத்தில் ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவில் ஒரு பள்ளம் உண்டு. அதற்குள் எங்கள் அணியத்தைப் பொருத்தி, இரும்பு வடத்தால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். இரண்டும் ஒரே கப்பல்போல் நகரும். ஃபிலிப்பீனோ மாலுமிகள் இருட்டில், அந்தக் குளிரில், அணியத்தில் நின்று வடத்தை வாங்கிக் கட்டினார்கள். மாலை 7 மணிக்கு இழுவை தொடங்கியது.

அதே நேரத்தில் கீழே வேறொரு போராட்டம். இன்ஜினைக் குளிர்விக்கும் கடல்நீர் கப்பலின் அடியில் உள்ள சீ செஸ்ட் என்னும் பெட்டியின் வழியே வர வேண்டும். நொறுங்கிய பனி குழைந்து அதற்குள் புகுந்து வடிகட்டிகளை அடைத்துவிடும். நீர் நின்றால் இன்ஜின் சூடேறி நிற்கும், மின்சாரம் போகும். அன்றிரவு மூத்தவரும் ஓர் ஆயிலரும் ஒரு வடிகட்டியை மூடி, திறந்து, கையால் பனிக்குழம்பை அள்ளி, மீண்டும் மூடுவதற்குள் அடுத்தது அடைத்தது. வெந்நீரைத் திருப்பிவிட்டும் போதவில்லை. விரல்களில் உணர்வு போன பிறகும் அவர்கள் நிறுத்தவில்லை.

இரவு ஒன்பதரை மணிக்குத் தலைமை மாலுமி இளையவரை வரைபட மேசையருகே அழைத்தார். அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. ஊரில் இஷாவுக்குப் பிறகு வாப்பா வஃபாத்தாகிவிட்டார்கள்.

சொல்ல வேண்டியதை இளையவர் வாய்க்குள் சொல்லிக்கொண்டார். தலைமை மாலுமி அவரது தோளில் கைவைத்து, ‘கீழே போய் உங்கள் மச்சானிடம் சொல்லுங்கள். பிரிட்ஜை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றார். இளையவர் தொலைபேசியை எடுத்தார். கட்டுப்பாட்டு அறையில் மறுமுனையில் பேசிய ஆயிலர், ‘மூன்றாம் பொறியாளர் வடிகட்டியில் இருக்கிறார், விட்டு வர முடியாது’ என்றார். இளையவர், ‘ஒன்றுமில்லை’ என்று வைத்துவிட்டார். அதன்பின் நள்ளிரவு கடந்து 1 மணிவரை, பனியுடைப்புக் கப்பல் சொன்ன வேகத்தைத் திருப்பிச் சொல்வதும் பதிவேட்டில் எழுதுவதுமாக நின்றிருந்தார். முன்னே அமரத்தின் விளக்கொளியில் பனித்தூள் பறந்தது. கண் அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

1 மணிக்குக் காற்றடங்கிய நிலைப்பனிக்குள் வந்தோம். வடத்தை அவிழ்த்தார்கள். கெமி நகருக்குத் தெற்கே அயோஸ் முனையில் இருக்கிறது துறைமுகம். இழுவைப்படகு படித்துறைக்கும் கப்பலுக்கும் இடையிலான பனியைக் கலைத்துக் கொடுத்தது. கட்டி முடித்தபோது விடியற்காலை 4 மணி. அதன்பிறகே இளையவர் கீழே இறங்கினார். மூத்தவர் பெட்டிமேல் அமர்ந்து, வெந்நீர்க் குவளையை இரு கைகளாலும் பற்றியிருந்தார். முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

“எப்போ?”

“ஊர்ல இஷாவுக்குப் பொறவு, மச்சான். ஒம்பதரைக்கே தகவல் வந்திருச்சு.”

மூத்தவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு அழுதார். இருவரும் அழுதோம். விரல்கள் மரத்திருந்ததால் கண்ணீரைத் துடைக்கக்கூட அவரால் முடியவில்லை.

காலையில் ராத்தாவிடம் பேசினோம். குளிப்பாட்டிக் கஃபனிட்டாயிற்று, லுஹருக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். இங்கே அப்போதுதான் சூரியன் எழுந்திருந்தது. உணவு அறையின் மேசைகளை ஒதுக்கிவிட்டு, காயிப் ஜனாஸா தொழுகைக்கு நின்றோம். இந்தோனேசியச் சமையல்காரரும் எங்களோடு சேர்ந்துகொண்டார். இரவெல்லாம் வடம் பிடித்த ஃபிலிப்பீனோ மாலுமிகள் நால்வர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றார்கள். அவர்களை யாரும் அழைக்கவில்லை.

அன்று பிற்பகல் மூத்தவர் கப்பலிலிருந்து இறங்கினார். ஊர் போய்ச் சேர மூன்றாம் நாள் ஆயிற்று. இளையவர் மேலும் ஆறு வாரம் கடலில் இருந்தார்.

இறங்குவதற்கு முன் மூத்தவர் ஒன்று சொன்னார். “தம்பி, நேத்து நீ நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சே. ஆனா ஒன்னு கேளு. முன்னால போற கப்பல் நின்னுட்டா செவப்பு விளக்கப் போடணும்னு நீதானே எனக்குச் சொல்லித் தந்தே? நீ மேல நின்னு போயிருந்தே. எனக்கு ஒரு விளக்கும் போடலியே. நான் வடிகட்டியை அள்ளிக்கிட்டே அழுதிருப்பேன். அது எனக்கு முடியாதா?”

இளையவரிடம் அதற்கு அன்று பதில் இல்லை. வடிகட்டியை ஒரு நிமிடம் விட்டிருந்தால் கப்பலில் இருபத்துமூன்று உயிர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்பதுதான் அவரது எண்ணம். இன்றும் அதுவே அவரது எண்ணம். துக்கத்தைப் பங்கிடாமல் மறைப்பது, எவ்வளவு நல்லெண்ணமாயினும், அடுத்தவரைப் பலவீனராக எண்ணுவதாகும் என்பது மூத்தவரின் எண்ணம். இதை எழுதும்போதும் இதே விவாதம் எங்களுக்குள் நடந்தது. முடிவு எட்டவில்லை.

ஒன்றில் மட்டும் எங்களுக்குக் கருத்து வேற்றுமை இல்லை. முன்தினம் தலைமை மாலுமியிடம் அவசரப்படுத்திக் கேட்டது தவறு. நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றிருந்தாலும், வாப்பாவின் வஃபாத்துக்கு முன் கெமியை அடைந்திருக்க மாட்டோம். அடைந்திருந்தாலும் ஊரை அடைந்திருக்க மாட்டோம். எங்கள் துயரம் எங்களுக்குப் பெரிதாகத் தெரிந்ததால், மற்றக் கப்பல்களிலும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டோம். அவர்களில் யாருக்கு எந்த ஊரில் என்ன காத்திருந்தது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அன்று எங்களால் காத்திருக்க நேர்ந்த அவர்களிடம் மன்னிப்புக் கேட்க இனி வழியில்லை. அவர்களுக்காக துஆச் செய்கிறோம்.

உங்கள் வீட்டிலும் கடலில் இருப்பவர்கள் இருக்கலாம். அடுத்த முறை பேசும்போது, துறைமுகத்துக்குள் எப்படி வந்தீர்கள் என்று ஒரு முறை கேளுங்கள். வீட்டில் நோயோ மவுத்தோ நேர்ந்தால் அவர்களிடம் மறைக்கலாமா, உடனே சொல்லலாமா என்பதையும் நல்ல நாளிலேயே அவர்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் இப்போது கேட்டு வைத்திருக்கிறோம்.

எங்கள் வாப்பாவின் மறுமை வாழ்வுக்காகவும், இந்நேரம் உறைந்த கடலில் காத்து நிற்கும் எல்லாக் கப்பல்களுக்காகவும் துஆச் செய்யுங்கள். வஸ்ஸலாம்.